மஞ்சள் தண்ணீரும் ஒரு மூட்டை உப்பும்

தமிழ் பேசுவேன் என்ற ஒரே தகுதியில்தான் என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். பினாங்கில் நான் வேலை செய்யும் நிறுவனம் ரெசின் விற்கிறது. ரெசின் என்றால் பயப்பட வேண்டாம், கடுகளவு மணிகள்தான். அவற்றை ஆளுயரத் தொட்டியில் நிரப்பி, தொழிற்சாலைக் கழிவுநீரை மேலிருந்து விட்டால், நீரில் கரைந்திருக்கும் விஷத்தை மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே நல்ல தண்ணீர் வரும். வர வேண்டும்.

திண்டிவனத்துக்கு வெளியே, சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் குளியலறைக் குழாய்க்கும் குரோம் முலாம் பூசும் ஒரு பட்டறை எங்களிடம் ரெசின் வாங்கியிருந்தது. ஆரம்பத்தில் தெளிவாக வந்த தண்ணீர், சில மாதங்களில் மஞ்சளாக வரத் தொடங்கியது. மஞ்சள் என்றால் குரோமியம் தப்பி வருகிறது என்று அர்த்தம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்து மாதிரி எடுத்துப் போய், தேறவில்லை என்று எச்சரித்துவிட்டார்கள். இந்த வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துப் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள்.

உங்கள் ரெசின் மட்டம் என்று முதலாளி எழுத, உங்கள் ஆட்கள் மட்டம் என்று நாங்கள் நாகரிகமாகத் திருப்பி எழுத, கடைசியில் என் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சீனர். தமிழ் பேசினால் தமிழ்நாட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த வயதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லையே என்ற ஆசை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை சென்னையில் ஏறிய பேருந்தில் திண்டிவனத்துக்குத்தான் சீட்டு வாங்கினேன். விமானத்தில் தூங்காத தூக்கம் அங்கே வந்து பிடித்துக்கொண்டது. கண் விழித்தபோது வண்டி நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தது, திண்டிவனம் பின்னால் போய்விட்டது. இங்கே தொலைதூர வண்டிகள் ஊருக்குள் போவதில்லை. பைபாஸில் ஒரு பாலத்தடியில் நின்றமாதிரி நின்று, இறங்குகிறவர்களை உதிர்த்துவிட்டுப் போய்விடுகின்றன.

நடத்துநரிடம் போய் நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டு வண்டி முழுவதற்கும் நியாயம் சொன்னார்.

"மேல்மருவத்தூர்லயே சொன்னேன், திண்டிவனம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்கன்னு. இந்தம்மா தூங்கிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது? எழுப்பி வுட நான் இன்னா கடியாரமா?"

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்மணி மட்டும், விழுப்புரத்தில் இறங்கி எதிர் வண்டி பிடித்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று சமாதானம் சொன்னார். கூடவே, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கைப்பை அங்கே வாங்கியதா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். பினாங்கில் பக்கத்து வீட்டுக்காரிக்கே இதெல்லாம் தெரியாது.

இப்படித்தான் கூப்பிடாத விருந்தாளியாக விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பசி வயிற்றைக் கிள்ளியது. உணவகத்தில் பசியாற என்ன இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். பரிமாறுகிறவர் நான் பல நாள் பட்டினி என்று நினைத்திருக்க வேண்டும். ரொம்பப் பரிவாக, கேட்காமலே பொங்கலும் வடையும் வைத்து, பொங்கல் தீருமுன் இன்னும் கொஞ்சம் வைத்தார். மிளகும் நெய்யுமாக அந்தப் பொங்கல் இறங்கிய விதத்தில் நடத்துநரை மன்னித்துவிட்டேன்.

வெளியே ஒரு அம்மா அவித்த வேர்க்கடலையைக் கூடையில் குவித்து வைத்திருந்தார். கச்சான் எவ்வளவு என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடலை என்றேன். "மல்லாட்டையா?" என்று திருத்திவிட்டு, ஒரு கை அள்ளிக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். தொலி ஈரமாக, உள்ளே இனிப்பாக இருந்தது. சாப்பிட்டபடி நின்று பேருந்துகளை வேடிக்கை பார்த்தேன்.

ஒரு வண்டி உள்ளே நுழைந்ததுதான் தாமதம், ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் கைக்குட்டையும் பறந்தன. இருக்கை பிடிக்கிறார்களாம். ஒரு பெரியவர் செருப்பையே போட்டார். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்க, ஏறுகிற கூட்டம் நெருக்கிய நெருக்கில் அவர்களாகவே எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

எங்கள் ரெசின் செய்வதும் இதே வேலைதான். ஒவ்வொரு மணியிலும் கணக்கில்லாத இருக்கைகள் உண்டு. முதலில் அவற்றில் உப்பிலிருந்து வந்த குளோரைடு உட்கார்ந்திருக்கும். குரோமியம் வந்தால் எழுந்து இடம் விட்டுவிடும். எல்லா இருக்கையிலும் குரோமியம் நிரம்பியதும், அடர்த்தியான உப்புத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். பெருங்கூட்டமாக உப்பு ஏறினால், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் எழுந்துதான் ஆக வேண்டும். கூட்டம் குறைந்தால் எழ மாட்டான். அயனிப் பரிமாற்றம் என்று இதற்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். விழுப்புரத்தில் பெயர் வைக்காமலே நடக்கிறது.

திண்டிவனம் வண்டியில் என் கைக்குட்டையையும் ஜன்னல் வழியாகப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போனபோது அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே திண்டிவனம் வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். ஊரைத் தாண்டி, கரும்பு வயல் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே வரிசையாகத் தொட்டிகள். ஒரு தொட்டியில் கறுத்துப்போய் இறங்கும் குழாய் இன்னொரு தொட்டியிலிருந்து முகம் பார்க்கும் பளபளப்போடு ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கழுவ வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீர்தான் மஞ்சள், அதுதான் பின்பக்கத்துக்கு வருகிறது. தொட்டிகளுக்கு நடுவே கையுறை மாட்டிய பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. வியாழக்கிழமையைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

முதலாளி ஜெயபாலன் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர். தமிழ்ச் சமணர் ஒருவரை நான் பார்ப்பது அதுவே முதல் முறை. அலுவலகத்தில் குடிதண்ணீர்க் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட வயிற்றுக்குள் போய்விடக் கூடாதாம். தண்ணீரை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற மனிதர் முலாம் பட்டறை நடத்துகிறாரே என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நான் கேட்குமுன் அவரே சொன்னார். அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார், கடையிலிருந்து பாலீஷ், பாலீஷிலிருந்து முலாம் என்று வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்றுதான் கடன்பட்டாவது இந்தச் சுத்திகரிப்பைப் போட்டேன் என்றார். அது நடிப்பாகத் தெரியவில்லை.

பின்பக்கத்துக் கொட்டகையில் எங்கள் தொட்டி நின்றது. அதைப் பார்த்துக்கொள்பவர் சங்கர். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர், அண்ணன் தம்பிகள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள், இவருக்கு மட்டும் படகில் தலை சுற்றுமாம். வந்ததும் வராததுமாக என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க மணிதான் பேஜாரு. நான் ஒழுங்காத்தான் உப்பு போட்டுக்கினு வர்றேன்."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. சொல்லிக் காட்டாமல், பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தேன். குரோமியம் இருக்கும் தண்ணீரில் அதைச் சொட்டினால் ரோஜா நிறம் வரும், இல்லாவிட்டால் தண்ணீர் அப்படியே இருக்கும். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்துச் சொட்டினேன். கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. சங்கர், பார்த்தீங்களா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மணிகளை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடையவில்லை, அழுக்கேறவில்லை, முழுசாகத்தான் இருந்தன. தண்ணீர் வரும் வேகம், வால்வுகள், குழாய்கள் எல்லாம் சரி. மதியத்துக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. குற்றவாளி அகப்படாத போலீஸ்காரியாக உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஜெயபாலன் சாப்பிடக் கூப்பிட்டார். நான் டிபன் என்று நினைத்தேன். ராச்சாப்பாடே அதுதானாம். பொழுது சாய்ந்த பிறகு அவர் வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும் பூச்சிகளுக்காக ஏற்பட்ட வழக்கம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மண்ணுக்குள் விளைவது எதுவுமில்லை. பீர்க்கங்காய்க் கூட்டும் வாழைக்காய் வறுவலும் மிளகு ரசமும் வைத்தார் அவர் மனைவி. வெங்காயமில்லாமல் எனக்கு எதுவும் இறங்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மூன்றாம் முறை ரசம் கேட்டேன். பினாங்கில் நாங்கள் சாப்பிடவே கிளம்பும் நேரத்தில் இங்கே கைகழுவி எழுந்துவிட்டார்கள். நானும் நேராக விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையிலும் ரோஜா நிறம்தான் வந்தது. சங்கர் எனக்காகப் பேருந்து நிறுத்தத்துக் கடையிலிருந்து கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் வாங்கி வந்திருந்தார். என் ரெசினைத் திட்டியதற்குப் பரிகாரம் என்று எடுத்துக்கொண்டேன். கூழ் குளிர்ச்சியாக இருந்தது, மிளகாய் உச்சிவரை ஏறியது.

சோதனைக் குழாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நிறம் போய்விடுமா என்று கேட்டு, ஜெயபாலன் என்னை மேல்சித்தாமூருக்கு அழைத்துப் போனார். அங்கே சமண மடத்தில் அவருக்கு ஏதோ வேலை இருந்தது. வழியெல்லாம் நெல், நெல் தீர்ந்தால் யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைக் குன்றுகள். கோயிலுக்குள் அப்படி ஓர் அமைதி. எங்கள் ஊர்க் கோயில்களில் ஒலிபெருக்கி இல்லாமல் சாமி கும்பிட முடியாது. தீர்த்தங்கரர் பார்சுவநாதர் முன்னால் ஜெயபாலன் வெகு நேரம் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும், பூட்டுப் போட்டுவிட்டால் அந்தப் பெண்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார். சும்மா கேட்டதல்ல, பதில் எதிர்பார்த்தார்.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. அவர் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டறையில் தங்கினேன். நேற்று இந்த நேரம் நான் ரசத்தில் இருந்தேன். தொட்டிக்கு உப்பேற்றுவதை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முலாம் வேலை ஓடும்போது உப்பேற்ற முடியாது. கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும். பெண்கள் வேலை முடித்துப் போன பிறகுதான் சங்கர் தொடங்குவார். நான் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் உப்பு மூட்டையை இழுத்து வந்தார். அதில் பாதிகூட இல்லை. அதைக் கரைசல் தொட்டியில் கவிழ்த்து, சாக்கைத் தட்டி உதறி, தொட்டி நிரம்பும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்தேன். மீதி உப்பு எங்கே என்றேன்.

மதியம் பட்டறைக்கு எடுக்கும் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் இன்னொரு தொட்டிக்குப் பாதி மூட்டை போய்விடும், இது மிச்சம் என்றார். இன்னொரு மூட்டை எடுத்தால் என்ன? காலிச் சாக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் அடுத்த மூட்டை கொடுப்பார்கள். சாக்கு இப்போதுதான் காலியாகிறது. சரி, இப்போது கொடுத்துவிட்டு வாங்கி வரலாமே. சங்கர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வெளக்கு வெச்சாச்சே மேடம். இப்போ போய் யாரு உப்பு குடுப்பாங்க?"

அவர் சொன்னதில் கோபமில்லை, குறையுமில்லை. சூரியன் மேற்கே போகும் என்பதுபோல் சொன்னார். எங்கள் வீட்டிலும் அம்மா பொழுது சாய்ந்தால் பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுக்க மாட்டாள். கேட்கவும் விட மாட்டாள். வீட்டு லட்சுமி உப்போடு போய்விடுவாளாம். அந்தப் பழக்கத்தை நான் எப்போதோ மறந்திருந்தேன்.

பாதி உப்பு போதாது என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "நாக்குல வெச்சிப் பாத்துத்தான் வுடறேன். நல்லா கரிக்குதே" என்றார் சங்கர். நாக்குக்குப் போதுமான உப்பு, குரோமியத்தை எழுப்பப் போதாது. எங்கள் ஆள் முதன்முதலில் வந்து செய்து காட்டியது பட்டப்பகலில், புதுத் தொட்டியில். அப்போது முழு மூட்டை கிடைத்தது. பிறகு தினமும் பாதிக் கூட்டம்தான் ஏறியிருக்கிறது, எழாத குரோமியம் உட்கார்ந்தே இருக்க, மறுநாள் காலையில் வந்த குரோமியம் இடமில்லாமல் அப்படியே வெளியே நடந்திருக்கிறது. பொழுது சாயுமுன் முதலாளி சாப்பாட்டுக்குப் போய்விடுவார். பொழுது சாய்ந்தால் ஸ்டோரில் உப்பு கிடையாது. இரண்டு வழக்கத்திலும் ஒரு குற்றமும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் இது யார் கண்ணிலும் படவில்லை.

விடிந்தால் வியாழக்கிழமை. இன்றிரவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டை போட்டு இரண்டு தரம் உப்பேற்றினால்தான் இத்தனை நாள் சேர்ந்த மிச்சமெல்லாம் போகும். நான் ஸ்டோருக்கு ஓடினேன், சங்கர் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் ஆரோக்கியமேரி. வளவனூரில் பிறந்து, பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலில் சாவிக்கொத்து பிடித்தவர் தான்தான் என்று முந்தைய நாளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி மூட்டை கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார்.

கிறிஸ்தவர்களுக்கும் இது உண்டா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இதுல மதம் இன்னாங்க இருக்குது? எங்கம்மா குடுக்க மாட்டாங்க, எங்க மாமியா குடுக்க மாட்டாங்க. நானும் குடுக்க மாட்டேன். காலைல மொத ஆளா வந்து தர்றேன், எத்தினி மூட்டை வேணும்னாலும்."

காலையில் பயனில்லை என்றேன். ஜெயபாலனுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டார், சரிங்க, சரிங்க என்றார், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி முடியாது என்று தலையாட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்குப் பூட்டுப் போட்டால் அந்த உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், ஊறுகாயா போடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பூட்டுப் போட்டால் முதலில் போகிறது தன் சாவிதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டார், உப்பை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று. சங்கர் கையில் என்றேன். கொட்டுகிற இடம் எங்கே என்றார். பின்பக்கத்துக் கொட்டகையில் என்றேன். இதே காம்பவுண்டுக்குள்தானே என்று கேட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினார்.

"கைமாத்தத்தான் கூடாது. ராத்திரி நான் சோறாக்கும்போது உப்பு போடாமயா ஆக்கறேன்? என் வூட்டு உப்ப என் வூட்டு அடுப்புல நானே போட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது."

மூட்டை அவர் எடையில் பாதி இருக்கும். சாக்கின் காதைப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்து வந்தார். நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு கூட நடந்தோம். உதவிக்கு நீண்ட சங்கரின் கையை ஓர் அதட்டில் மடக்கினார். கொட்டகை வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டு, தானே சாக்கைப் பிரித்து, தானே கவிழ்த்தார். பிறகு திரும்பிப் போய் இன்னொன்றை இழுத்து வந்தார்.

அடர்ந்த உப்புத் தண்ணீர் மேலிருந்து மெதுவாக இறங்கியது. கீழே முதலில் நிறமில்லாமல், பிறகு எலுமிச்சை நிறமாக, பிறகு கடும் ஆரஞ்சாக வந்தது. அது தனித் தொட்டிக்குப் போகும், வேறு மருந்தும் சுண்ணாம்பும் போட்டுச் சேறாக்கி லாரியில் அனுப்பிவிடுவார்கள். இத்தனை நாள் மணிகளுக்குள் உட்கார்ந்திருந்ததா இவ்வளவும் என்று ஆரோக்கியமேரி கேட்டார். சில வருஷங்களாக ஸ்டோரில் இருந்தும் இந்தக் கொட்டகைக்குள் அவர் வந்தது அன்றுதான். ஆரஞ்சு வெளுத்து, மறுபடி தெளிவாகும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை முன்பகலில் வாரியத்து அதிகாரி வந்தார். இளைஞர், அளந்து பேசினார். அவர் பாட்டிலைக் குழாயடியில் பிடித்தபோது ஜெயபாலன் கொட்டகைக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டிகளுக்கு நடுவே இருந்த பெண்கள் வேலை செய்வதுபோல் ஒரே குழாயைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். அதிகாரி பாட்டிலை மூடி, ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு நான் அதே தண்ணீரில் சொட்டினேன். நிறம் மாறவில்லை. இன்னொரு முறை சொட்டினேன், அப்போதும் மாறவில்லை. சங்கர் போய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. தேறிவிட்டது. ஜெயபாலன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இனி உப்பேற்றும் வேலைக்கு நான்கு மணிக்கே முழு மூட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். என் ரெசின் தப்பித்தது என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். ஊருக்குக் கிளம்ப ஆட்டோ வந்து நின்றது.

எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனேன். ஆரோக்கியமேரி அங்கே சங்கரோடு நின்றுகொண்டிருந்தார். கையில் கொடுத்த லட்டு அப்படியே இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். இத்தினி நாளா காத்தால மஞ்சளா போச்சே தண்ணி, அது எங்க போச்சு?"

நான் சங்கரைப் பார்த்தேன். சங்கர் தரையைப் பார்த்தார். பெரும்பகுதி கழுவுவதற்கே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும், மிஞ்சி வழிவது சுவருக்குப் பின்னால் வாய்க்காலில் போகும் என்றார். வாய்க்கால் எங்கே போகும் என்று ஆரோக்கியமேரிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது ஏரிக்குப் போகும். அந்த ஏரியில்தான் அவர் தெரு மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன். சொட்டு மருந்தையும் சோதனைக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு மூவரும் சுவரைச் சுற்றிப் போனோம். கழிவுக் குழாய் வாய்க்காலில் விழும் இடத்தில் தேங்கியிருந்த பழைய தண்ணீரை மொண்டு சொட்டினேன். ரோஜா நிறம். ஆரோக்கியமேரி லட்டை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தார். கோரைப்புல் மண்டிய திருப்பத்தில் மறுபடி சொட்டினேன். அங்கேயும் நிறம் வந்தது, வெளிறிப்போய். வாய்க்காலோரமாகவே ஏரி வாய்வரை போனோம்.

ஏரி வாயில் ஆரோக்கியமேரி சோதனைக் குழாயையும் மருந்தையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தானே முழங்கால் தண்ணீரில் இறங்கி மொண்டு, தானே சொட்டினார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மாறவில்லை. நம்பாமல் இன்னும் தள்ளிப் போய் மொண்டு பார்த்தார். அதுவும் மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அவர் கரையேறி, இரண்டையும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரப் புடவையோடு சங்கருக்கு நேரே வந்து நின்றார்.

"இங்க வரல. ஒன்ன யாரும் கொற சொல்லல, நானும்தான் குடுக்காம இருந்தேன். நாளையிலேர்ந்து நாலு மணிக்கு நீ வந்து நிக்கணும். நிக்கலன்னா மூட்டைய நானே இழுத்தாருவேன், வெளக்கு வெச்சிருந்தாலும் சரி. அந்தச் சொட்டு மருந்து என் ஸ்டோர்லதான் இருக்கும். தினம் நானே ஊத்திப் பாப்பேன்."

மருந்து பாட்டிலுக்கு என் பக்கம் மறுபடி கை நீட்டினார். நிறுவனத்துப் பொருள், வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. மூடியை இறுக்கி, கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.